64 ஆயிரம் ரூபாயும் ஒரு காலி அறையும்

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு அறை ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. கட்டி முடித்தபோது மிச்சமான டைல்ஸ், உடைந்த குழாய், யாரோ போட்டுவிட்டுப் போன கட்டில் எல்லாம் அதற்குள். போன மாதம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து காலி பண்ணி, வெள்ளை அடித்து, ஒரு டியூப்லைட்டும் ஃபேனும் மாட்டினோம். சங்கத்தின் கையில் 64 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. அறையையும் பணத்தையும் எதற்குப் பயன்படுத்துவது என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். "ஜனங்க ஒண்ணா சேர்ற மாதிரி ஏதாவது பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தலைவர் ஒதுங்கிக்கொண்டார். நாலு யோசனை வந்திருக்கிறது. எது சரிப்படும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு அறையும் கொஞ்சம் பணமும் வைத்துக்கொண்டு முழிக்கிற சங்கங்கள் வடசென்னையில் நிறைய இருக்கும்.

இடம் கொருக்குப்பேட்டை. பழைய போர்டு வீடுகளை இடித்துவிட்டு எழுப்பிய புது பிளாக்குகள். (குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் ஸ்லம் போர்டுதான்.) முன்பு இங்கேயே இருந்தவர்கள் A பிளாக்கில் திரும்பி வந்தார்கள். கால்வாய் ஓரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் C பிளாக்கில். நடுவில் B பிளாக்கில் எல்லாரும் கலந்து: காசிமேட்டு மீனவர் வீடு, தெலுங்கு பேசுகிற துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள், பாய் வீடுகள், ஞாயிறு காலையில் மைக் வைத்து ஜெபம் நடத்தும் பெந்தெகொஸ்தே வீடு. அப்புறம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள், ஒரே வீட்டில் ஆறு பேர். ஒதுக்கீட்டு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்பது விதி. எனவே அவர்களை நீண்ட நாள் விருந்தாளிகள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கலவையெல்லாம் வடசென்னைக்குப் புதிதில்லை. ராயப்பர் பெயரைத் தாங்கிய ராயபுரத்தில் படகுக்காரர்கள் கட்டிய புனித பேதுரு தேவாலயமும், பார்சிகளின் அக்கினிக் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. மின்ட் தெருவில் மார்வாடியும் குஜராத்தியும் காதில் விழும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸை இன்று நம் பிள்ளைகள் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். இதைச் சொல்லிப் பெருமைப்படுவது சுலபம். நானும் வெளியூர்க்காரர்களிடம் நிறையப் பெருமையடித்திருக்கிறேன்.

ஆனால் பெரம்பூர் ஆலைக் கதையும் நம்முடையதுதான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கே பிறந்தது. அதற்கு விதை போட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அந்தப் பகுதிச் சிறு வணிகர்கள். அவர்களுடைய பக்தி சபைக்குச் சொற்பொழிவு கேட்க வந்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) துணி ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டத்தையும் அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். சங்கம் அப்படித்தான் முளைத்தது. மூன்றே வருஷம். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. எல்லாரும் ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஒரே வாசலில் நுழைந்தவர்கள்தான். ஆலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சேரிக்கு ஒரு வழி, தெருவுக்கு ஒரு வழி என்று பிரிந்துதான் போனார்கள். நெருக்கடி வந்ததும் அந்த வழியிலேயே உடைந்தது.

ஆகவே எதை வைத்து நாலு யோசனைகளையும் எடை போடுவது? கூட்டம் எவ்வளவு வந்தது என்பதை வைத்து அல்ல. எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றிய நாட்கள் அவை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு நம் விருந்தாளித் தம்பிகள் ஆறு பேரும் பையைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் நிற்கிறார்கள். ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டு போன் போட்டிருக்கிறார்கள். குடியிருப்பில் இத்தனை பேர் இருக்கிறோம், யாருக்கும் அந்த ஆறு பேரில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. கேட் பக்கத்து டீக்கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது, கடன் நோட்டில் எழுதுவதால். அவர் லுங்கியோடு இறங்கி வந்து, "இன்னா தம்பி, பாக்கிய கட்டாம எங்க கிளம்பிட்ட?" என்றார். ஒருவன் சிரித்துவிட்டான். அப்புறம் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு பேர் மறுநாள் ரயிலேறினார்கள், நாலு பேர் இருந்துவிட்டார்கள்.

ஒரு வதந்தி வந்தால், அது யாரைப் பற்றியதோ அந்தப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேருக்கு ஆள் இருக்கிறது? இதுதான் என் டீக்கடை அளவுகோல். இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அரசியல் ஆய்வாளர் அஷுதோஷ் வார்ஷ்னே இந்திய நகரங்களை ஜோடி ஜோடியாக எடுத்து, அலிகரில் கலவரம் மூளுகிறது, கோழிக்கோட்டில் ஏன் மூளுவதில்லை என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார். அவர் கண்டது: தெருவில் பார்த்தால் புன்னகைப்பது, பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பது எல்லாம் நல்லதுதான், ஆனால் பெரிய வதந்தி வரும்போது தாங்காது. இந்து, முஸ்லிம் என்று இரண்டு மதத்தாரும் சேர்ந்து உறுப்பினராக இருக்கிற சங்கம், வணிகர் அமைப்பு, மன்றம் என்று இருந்த ஊர்களில்தான் வதந்தி தெருமுனையிலேயே செத்தது.

சரி, யோசனைகளுக்கு வருவோம்.

முதல் யோசனை, அதிக ஓட்டு விழப்போகிற யோசனை: சமத்துவப் பொங்கல், ரம்ஜானுக்கு ஒரு இஃப்தார், கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக். போன வருஷப் பொங்கலை மட்டும் நடத்திப் பார்த்தோம். மேடை, மைக் செட், சீரியல் லைட், எல்லா மதச் சின்னமும் அச்சடித்த ஃப்ளெக்ஸ். 38 ஆயிரம் போனது. பானைக்குச் சூடம் காட்டினால் பெந்தெகொஸ்தே வீட்டார் சாப்பிட மாட்டார்கள். காட்டாவிட்டால் பாட்டிகள் சாப்பிட மாட்டார்கள். கடைசியில் இரண்டு பானை வைத்தோம். சமத்துவப் பொங்கலில் இரண்டு பானை! A பிளாக் A பிளாக்கோடு உட்கார்ந்து தின்றது, C பிளாக் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. மேடையில் பேசியவர்களுக்குத்தான் ஒற்றுமை உணர்வு பொங்கியது.

ஆனால் அதற்கு முந்தின ராத்திரி நடந்ததை நான் மறக்க மாட்டேன். மதியத்துக்குப் பிரிஞ்சி போடுவதாக ஏற்பாடு. 15 கிலோ வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி, வந்தவர்கள் எட்டே பேர். படிக்கட்டில் ஆளுக்கொரு படி, மடியில் முறம். பிரிஞ்சிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது என்று காசிமேட்டு அக்காவுக்கும் பாய் வீட்டு அம்மாவுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. ஒடிசா தம்பி ஒருவன் ஒரு வார்த்தை பேசாமல், கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல், தலைமயிர் கனத்துக்கு வெங்காயத்தை அரிந்து குவித்துக்கொண்டிருந்தான். அக்கா பார்த்துவிட்டு, "டேய் தம்பி, நீ எந்த ஓட்டல்டா?" என்றார். அண்ணா நகரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. இன்றைக்கும் அவன் அக்காவுக்கு வெங்காயத் தம்பிதான். மீன் நிறைய வந்தால் ஒரு பொட்டலம் அவன் வீட்டுக் கதவுக்குப் போகிறது.

38 ஆயிரத்தில் அளவுகோலுக்குத் தேறியது அந்த எட்டுப் பேர்தான், அதற்கு ஆன செலவு வெங்காயத்தின் விலை. பண்டிகை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையை விட்டுவிட்டு வெங்காயத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

(வெள்ளத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மூன்றாவது மாடியில் ஒரே அடுப்பில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினோம், உண்மைதான். தண்ணீர் வடிந்த பத்தாம் நாள் பார்க்கிங் சண்டையும் திரும்பிவிட்டது.)

இரண்டாவது, விளையாட்டு. இளவட்டங்களின் யோசனை, அவர்கள் கேட்பது பிளாக் வாரியாக டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி. வியாசர்பாடியில் கால்பந்து எத்தனை பிள்ளைகளை மாற்றியிருக்கிறது என்று உதாரணமும் காட்டுகிறார்கள். நியாயமான உதாரணம். ஆனால் அங்கே தினசரிப் பயிற்சி உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, ஒரே டீமில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உண்டு. இங்கே கேட்பது வேறு. A பிளாக்குக்கும் C பிளாக்குக்கும் மேட்ச் என்றால், எங்கள் ஒதுக்கீடு இருக்கிற லட்சணத்துக்கு, பழைய ஆட்களுக்கும் கால்வாய் ஆட்களுக்கும் மேட்ச் என்று அர்த்தம். இரண்டு வருஷம் முன்பு ஒரு ரன் அவுட் தகராறில் ஸ்டம்பு பிடுங்கப்பட்டு, அது ஆளைத் தேடிப் போய், போலீஸ் வரைக்கும் போனது நினைவிருக்கும்.

இதை உத்தரப்பிரதேசத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் கிரிக்கெட் லீக் ஒன்று நடத்தி, இளைஞர்களைக் குலுக்கல் முறையில் சிலரைப் பல சாதி கலந்த டீமிலும் சிலரை ஒரே சாதி டீமிலும் போட்டார். ஒரே டீமில் சேர்ந்து ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிர் டீமாக மட்டும் சந்தித்தவர்களுக்குள் அது குறைந்தது. விளையாட்டு ஒற்றுமை வளர்க்கும் என்று மொட்டையாகச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. யாரை யாரோடு சேர்த்து டீம் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈராக்கில் ஐஎஸ் தாக்குதலால் ஊரை விட்டு ஓடிவந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து டீம்களில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து சல்மா மௌசா செய்த ஆய்வு 2020இல் வந்தது. டீமுக்குள் ஒட்டுதல் வந்து, ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஆனால் களத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை. நான் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தையே நேசிக்க வைக்க எங்கள் 64 ஆயிரம் போதுமா என்ன? பெயர் தெரிந்த பத்துப் பேர் போதும்.

அதனால் கிரிக்கெட்டை விட்டுவிட்டு கேரம் என்கிறேன். பெரிய மைதானம் வேண்டாம், மழை பெய்தால் நிற்காது, அறுபது வயசுக்காரரும் பத்து வயசுப் பெண்ணும் ஒரே போர்டில் உட்காரலாம், காய் அடிக்க மொழி தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். டபுள்ஸில் உங்கள் பார்ட்னர் எதிரே உட்காருவார். எதிராளிகள்தான் உங்களுக்கு இரண்டு பக்கமும், தோளோடு தோள் இடிக்க. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்த காயும் (ஃபாலோ) விழுமா என்று கை நடுங்கும்போது நீங்கள் பார்ப்பது பார்ட்னரின் கண்ணைத்தான். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய்விட்டால் அவர் தலையில் அடித்துக்கொள்வார், நீங்களும் அடித்துக்கொள்வீர்கள். ஜோடியை வாராவாரம் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். அண்ணன் தம்பி ஜோடி, ஒரே பிளாக் ஜோடி வந்தால் மறுபடி குலுக்கல். இது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஜோடியை அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் மூன்றாம் வாரமே அது A பிளாக் கிளப்பாகிவிடும்.

கணக்குப் பார்த்தேன். அறையில் இரண்டு போர்டு தாராளமாகப் போடலாம். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை ஒரு போர்டுக்கு நாலு ஆட்டம் நடந்தால், ஒரு நாளைக்கு 32 பேருக்கு இடம். ஸ்டாண்டு, லைட்டு, காயின், பவுடர் எல்லாம் சேர்த்து 20 ஆயிரத்துக்குள் முடியும் என்று விசாரித்து வந்திருக்கிறார்கள். பயம் இரண்டு. ஒன்று, பெட்டு கட்டுவது. காசு போர்டு மேல் வந்தால் அன்றைக்கு விளக்கு அணைக்கப்படும், வேறு வழியில்லை. இரண்டாவது, பெண்கள் வரமாட்டார்கள் என்பது. தெருமுனை கேரம் கிளப் என்றாலே ஆம்பிளைப் புகை மண்டிய இடம் என்ற எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு என் பதில் என்று புது வண்ணாரப்பேட்டையைக் காட்டுவேன். அங்கே வளர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பைக்குப் போய் 3 தங்கத்தோடு திரும்பினார். ஆட்டோ ஓட்டும் அப்பாவின் பயிற்சி மையத்தில் கற்றுக்கொண்ட பெண். எங்களிடம் வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கென்றே ஒதுக்கினால் போதும், மற்ற நாட்களுக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, மாலை டியூஷன். இதற்குக் கூட்டத்தில் கைதட்டல் விழாது, ஆனால் அளவுகோலில் கேரமுக்குக் கொஞ்சமும் குறையாது. தில்லியில் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தபோது என்ன ஆனது என்று கௌதம் ராவ் ஆராய்ந்தார். வசதியான பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குணம் கூடியது, ரிலே ஓட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது வேகமாக ஓடுகிற ஏழைப் பிள்ளையை ஒதுக்குவது குறைந்தது. சில பள்ளிகளில் பாடக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். அப்படித் தற்செயலாக ஒரே குழுவில் விழுந்தவர்களிடம்தான் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. ஒரே வகுப்பில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தால் பலன் குறைவு.

எங்களிடம் இதற்கு ஒரு காரணம் கூடுதலாகவும் இருக்கிறது. பீகார் குடும்பம் ஒன்றின் மூன்றாம் வகுப்புப் பெண், மாநகராட்சிப் பள்ளியில் படிப்பவள், தன் அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா இந்தியில் கோபமாக நாலு வரி பேசுவார். அவள் திரும்பி, "அப்பா அடுத்த வாரம் தரேன்னு சொல்றாரு அங்கிள்" என்பாள். எத்தனை சண்டையை அந்தப் பிள்ளை தன் நாக்கிலேயே தீர்த்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கும் பேச ஏதாவது கிடைக்கும். முன்பெல்லாம் அந்தப் பேச்சு அடிபம்பில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நடந்தது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய், நல்லதுதான், ஆனால் அந்த வரிசை போனது போனதுதான்.

கல்லூரியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் சொல்லிக்கொடுக்கத் தயார். ஆளுக்கு மாதம் 3 ஆயிரம். வெளியிலிருந்து புரவலர் பிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது வேண்டாம். கொடுப்பவர், வாங்குபவர் என்று ஆகிவிட்டால் C பிளாக் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு போட்டோவுக்கு நிற்கவேண்டி வரும்.

நாலாவது, மாதம் ஒரு குறைதீர்க் கூட்டம். ஏரியா சபை என்று அரசே ஒன்று வைத்திருக்கிறது, வருஷத்துக்குச் சில முறை கூடுகிறது, கழிவுநீர் அடைப்புக்கு அங்கே போய்ச் சொல்லலாம். அறைக்குள் இன்னொன்று எதற்கு? நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி எண்ணிக்கொண்டிருப்பார்கள். மகளிர் குழுவுக்கே அறையைக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு. குழுக்கள் நன்றாக நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொறுப்பு என்பதால் நம்பிக்கையான ஆளை, அதாவது சொந்தக்காரரையும் பக்கத்துத் தெருக்காரரையும்தான் சேர்க்கிறார்கள். ஏற்கனவே ஒட்டியிருப்பவர்களை அது இன்னும் ஒட்டும். அவர்களுக்கு மாதம் ஒரு மதியம் அறையைத் தரலாம்.

ஆக என் ஓட்டு இப்படி: ஐந்திலிருந்து ஏழு வரை டியூஷன், ஏழிலிருந்து ஒன்பதரை வரை கேரம். போர்டுகளுக்கு 20 ஆயிரம். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் சேர்த்துச் சமையலுக்கு மட்டும் 8 ஆயிரம், மேடை கிடையாது, வெங்காயம் உரிப்பவர்கள் பிளாக்குக்கு நாலு பேர். மீதி 36 ஆயிரம் டியூஷனுக்கு ஆறு மாதம் வரும். ஏழாம் மாதம் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூலிக்க வேண்டியிருக்கும்; அது வசூலாகிறதா என்பதிலேயே இது வேலை செய்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கூட்டம் முடிவெடுத்தால், மனசு டியூஷன் பக்கம் போனாலும் நான் கேரமுக்குத்தான் கை தூக்குவேன். பிள்ளைகள் எப்படியும் பழகிவிடுவார்கள். பழகாமல் இருப்பது எங்கள் வயசுக்காரர்கள்தான்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. அறைச் சாவி. இப்போதைக்கு அது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. A பிளாக்காரன் கையில் சாவி என்று C பிளாக்கில் முணுமுணுப்பு, நியாயமான முணுமுணுப்பு. வாரம் ஒரு வீடு என்று சுற்றிவரட்டும், முதல் வாரம் C பிளாக் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். உடனே டீக்கடைக்காரர், "அப்ப நம்ம வெங்காயத் தம்பி வீட்டுக்கும் ஒரு வாரம் வருமா?" என்று கேட்டார். இரண்டு பேர் முகம் மாறியது. "விருந்தாளிகிட்ட சாவியா?" என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் முதலில் எடுக்கப்போவது அதைத்தான். போர்டு என்ன விலை, டியூஷன் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அப்புறம்.